பேசி விற்பது, கேட்டு வாங்குவது: சமூக ஊடகக் கடைக்கு ஒரு நடைமுறைக் கையேடு

கல்யாணப் பட்டு எடுக்க நம் வீடுகளில் யாரும் தனியாகப் போவதில்லை. அம்மா, அத்தை, மணப்பெண்ணின் தோழி என்று நாலு பேர் சேர்ந்து போவார்கள். ஒருவர் முந்தானையைப் பிரித்துப் பார்ப்பார், இன்னொருவர் துணியைத் தடவிப் பார்ப்பார், மூன்றாமவர் விலையைக் குறைத்துக் கேட்பார். கடைக்காரர் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த சேலையை விரிப்பார். எடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் முடிவாகும்.

இணையக் கடைகள் வந்தபோது இந்தப் பேச்சு நின்றுபோனது. ஒரு படம், ஒரு விலை, பணம் கட்ட ஒரு பொத்தான். புத்தகமும் போன் சார்ஜரும் வாங்க அது போதும். சேலை வாங்கப் போதாது. "இது பச்சையா, மயில் கழுத்துக் கலரா?" என்று கேட்க ஆள் வேண்டும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் நேரலை ஆகியவை அந்த ஆளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. இன்று தமிழ்நாட்டில் வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்களின் தொழில் முழுக்க இந்தக் கேள்வி பதிலின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கையேட்டுக்குச் சேலை வியாபாரமே உதாரணம். ஊறுகாய், கவரிங் நகை, குழந்தை உடை, செடிகள் விற்பவர்களும் தங்கள் பொருளை அந்த இடத்தில் வைத்துப் படிக்கலாம். முதல் பகுதி விற்பவருக்கு, அடுத்தது வாங்குபவருக்கு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: சமூக ஊடகத்தில் நீங்கள் பேசும் ஒவ்வொன்றும் வாக்குறுதி. ரீல்ஸில் சொன்னது, இன்பாக்ஸில் எழுதியது, நேரலை வேகத்தில் வாயில் வந்தது எல்லாமே வாங்குபவர் கையில் பதிவாக இருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றும் கடை நிலைக்கும்.

இங்கே வந்து சேர்ந்த வழி

முன்பின் தெரியாதவரின் சொல்லை நம்பி வாங்கும் பழக்கம் இணைய வணிகத்தின் தொடக்கத்திலேயே உண்டு. அமேசான் 1995-இலேயே வாசகர்களைப் புத்தக விமர்சனம் எழுத விட்டது. ஈபே 1996-இல் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் மதிப்பிடும் ஏற்பாட்டைச் செய்தது. ஆனால் அந்தக் கருத்துகள் எல்லாம் வாங்கி முடித்தபின் எழுதப்பட்டவை. வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி கைபேசியோடு வந்தது.

இந்தியாவில் சில விஷயங்கள் அடுத்தடுத்துக் கூடி வந்தன. 2015-இல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ, சொந்தமாகச் சரக்கு வைத்திராத பெண்களும் படங்களை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து விற்கும் ரீசெல்லர் முறையைப் பரவலாக்கியது. 2016-இல் வந்த யுபிஐ, தெரியாத ஊரில் இருப்பவருக்கும் நொடியில் பணம் அனுப்ப வழி செய்தது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இலும், அதில் பொருள் பட்டியல் வைக்கும் கேட்டலாக் வசதி 2019-இலும் வந்தன. 2020-இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும் குறுங்காணொளி பார்க்கும் கூட்டம் ரீல்ஸ் பக்கம் திரும்பியது. ஊரடங்கு மாதங்கள் மிச்சத்தைச் செய்தன.

சீனாவில் 2016-இல் தாவோபாவ் தளம் தொடங்கிய நேரலை விற்பனை பெருந்தொழிலாக வளர்ந்தது. அதே எதிர்பார்ப்பில் மெட்டா நிறுவனமும் நேரலைக்குள்ளேயே பொருளை இணைத்து விற்கும் வசதியைத் தந்து பார்த்தது. பிறகு ஃபேஸ்புக்கில் 2022 அக்டோபரிலும், இன்ஸ்டாகிராமில் 2023 மார்ச்சிலும் அதை நிறுத்திக்கொண்டது. நம் ஊர்ச் சேலை நேரலைகள் அதனால் நிற்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, விலையைக் கேட்டு, ஜிபேயில் பணம் போட்டு முடிக்கும் வழி மக்களுக்குப் பழகிப்போயிருந்தது. இதில் விற்பவருக்கு ஒரு பாடம் உண்டு. தொழில்நுட்ப வசதிகள் வரும், போகும். வாடிக்கையாளர் உங்களிடம் கேட்கவும் நீங்கள் பதில் சொல்லவும் ஒரு வழி திறந்திருக்கிறதா என்பதைக் கவனித்துக்கொண்டால் போதும்.

விற்பவருக்கு 1: எதை எங்கே பேசுவது

எல்லாத் தளத்திலும் ஒரே படத்தைப் போடுவது உழைப்பை வீணாக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

- இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ்: உங்களைத் தெரியாதவர்கள் முதலில் பார்க்கும் இடம். ஒரு காணொளியில் ஒரே சேலையைக் காட்டுங்கள். முதல் சில நொடிகளுக்குள் துணி எப்படி விழுகிறது என்பது தெரிய வேண்டும்.
- நேரலை: யோசித்துக்கொண்டிருப்பவர் கேள்வி கேட்கும் இடம்.
- வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பிராட்காஸ்ட்: ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு. பிராட்காஸ்ட் செய்தி உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் போய்ச் சேரும். முதல் பார்சலோடு "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வையுங்கள்.
- வாட்ஸ்அப் குழு: இதில் எச்சரிக்கை தேவை. குழுவில் இருப்பவர்களுக்கு மற்ற உறுப்பினர்களின் எண்கள் தெரியும். உங்களை நம்பி எண் கொடுத்த பெண்களை முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் நிறுத்துவது முறையல்ல. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களை மற்றவருக்கு வெளியிடுவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகச் செயல்களில் ஒன்றாகச் சொல்கிறது. 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அறிவிப்புகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

விற்பவருக்கு 2: விலையை வெளியில் சொல்லுங்கள்

"விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்ற பழக்கத்தை விடுங்கள். கமெண்ட் எண்ணிக்கை கூடினால் காணொளி பலரிடம் போகும் என்று பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் வாங்க நினைப்பவர் மனதில் அங்கேயே ஒரு சந்தேகம் விழுகிறது: ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ? ஒரே பதிலை நாள் முழுக்க ஐம்பது பேருக்கு எழுதும் வேலையும் உங்கள் தலையில் விழுகிறது.

காணொளியிலேயே சேலை விலை, கொரியர் செலவு, மொத்தம் மூன்றையும் எழுதுங்கள். "ஷிப்பிங் எக்ஸ்ட்ரா" என்று மட்டும் போட்டால் கடைசியில் கூடும் தொகை வாங்குபவரை ஏமாந்தவராக உணரவைக்கும். தொடக்கத்தில் ஒரு விலை காட்டிப் பணம் கட்டும் நேரத்தில் கூட்டுவதை, நுகர்வோரை ஏமாற்றும் 13 வழிகளில் ஒன்றாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் பட்டியலிட்டிருக்கிறது.

இன்பாக்ஸில் கேட்பவருக்கு ஒரே செய்தியில் முழுப் பதில் போகட்டும். வாட்ஸ்அப் பிசினஸில் ஆயத்தப் பதில்களைச் சேமித்து வைக்கலாம். ஒரு மாதிரி:

"வணக்கம் அக்கா. 14-ஆம் நம்பர் சேலை 1,850 ரூபாய், கொரியர் 80, மொத்தம் 1,930. சாஃப்ட் சில்க், விசைத்தறியில நெஞ்சது. பிளவுஸ் துணி சேர்ந்தே வரும். இன்னைக்குச் சாயங்காலம் 5 மணிக்குள்ள பணம் போட்டா நாளைக்கு பார்சல் போட்டுடுவேன். பகல் வெளிச்சத்துல வீடியோ வேணும்னா சொல்லுங்க, எடுத்து அனுப்பறேன்."

விலை, கூடுதல் செலவு, துணி, தறி, பிளவுஸ், அனுப்பும் நாள், அடுத்து என்ன கேட்கலாம் என்பது வரை எல்லாம் இதில் வந்துவிடுகிறது. இதற்குப் பிறகும் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் வாங்கும் எண்ணத்தோடுதான் இருப்பார்.

விற்பவருக்கு 3: பொருளைப் பற்றி உண்மை பேசுங்கள்

தடவிப் பார்க்க முடியாதவருக்கு உங்கள் சொல்தான் கை. ஒவ்வொரு சேலைக்கும் இந்த விவரங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

- துணி: அசல் பட்டா, ஆர்ட் சில்க்கா, சில்க் காட்டனா. பளபளப்பைப் பார்த்து "சில்க்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.
- தறி: கைத்தறியா, விசைத்தறியா. விசைத்தறி என்று சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்வதில் இருக்கிறது.
- ஜரிகை: வெள்ளி இழையும் தங்க முலாமும் சேர்ந்த அசல் ஜரிகையா, போலி ஜரிகையா.
- அளவு: சேலை நீளம், பிளவுஸ் நீளம், பார்டர் எத்தனை அங்குலம்.
- நிறம்: பகல் வெளிச்சத்தில் ஒரு காணொளி, டியூப்லைட்டில் ஒன்று. இரண்டும் வேறாகத் தெரிந்தால் அதையே சொல்லிவிடுங்கள்.
- பராமரிப்பு: வீட்டில் அலசலாமா, டிரை வாஷ் மட்டுமா, முதல் அலசலில் சாயம் போகுமா.

முத்திரைகளைச் சரியாகப் பயன்படுத்துங்கள். 2004 முதல் இருக்கும் சில்க் மார்க், துணி இயற்கைப் பட்டு என்பதற்குச் சான்று. கையால் நெய்தது என்பதை அது சொல்லாது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை கையால் நெய்ததற்குச் சான்று. அது பட்டா பருத்தியா என்பதைச் சொல்லாது. காஞ்சிபுரம் பட்டு, திருபுவனம் பட்டு, காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊரில் நெய்த சேலையை அந்தப் பெயரில் விற்றால் வாங்குபவரோடு சேர்த்து அந்த ஊர் நெசவாளியையும் ஏமாற்றுகிறீர்கள்.

ரீசெல்லர்களுக்குத் தனியாக ஒரு சொல். சேலம் மாவட்டம் இளம்பிள்ளை போன்ற நெசவு ஊர்களிலிருந்து கிளம்பும் ஒரு சேலையின் படம், ஒரே நாளில் எத்தனையோ ரீசெல்லர்களின் ஸ்டேட்டஸில் ஏறுகிறது. துணியைக் கண்ணால் பார்க்காமலே பலர் விற்கிறார்கள். ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றையாவது வாங்கிக் கட்டிப் பாருங்கள், துவைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கேட்டால் "தறிக்காரர் சொன்னாங்க" என்று பதில் சொல்லும் நிலை வரக்கூடாது. அவர் பணம் கொடுத்தது உங்களிடம். பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

விற்பவருக்கு 4: நேரலையை நடத்தும் முறை

நேரலையில் கூட்டம் சேர்வதை விடக் குழப்பம் இல்லாமல் முடிப்பதுதான் கடினம். ஒரே சேலைக்கு மூன்று பேர் பணம் போட்டுவிட்டால், இருவரை மனக்கசப்போடு அனுப்ப வேண்டிவரும். கீழ்க்கண்ட ஒழுங்கு உதவும்.

1. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சேலையைக் காட்டிப் பேச, மற்றவர் கமெண்டுகளைப் படித்துக் கணக்கு எழுத.
2. ஒவ்வொரு சேலையிலும் பெரிய எழுத்தில் நம்பர் சீட்டு குத்துங்கள். பேசும்போதெல்லாம் நம்பரைச் சொல்லுங்கள்.
3. விதிமுறையைத் தொடக்கத்திலும் நடுவிலும் சொல்லுங்கள்: ஸ்கிரீன்ஷாட் எந்த எண்ணுக்கு வர வேண்டும், முதலில் வந்த செய்திக்கா முதலில் வந்த பணத்துக்கா முன்னுரிமை, எத்தனை நிமிடம் எடுத்து வைப்பீர்கள்.
4. எத்தனை சேலை கையில் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். பத்து இருக்கும்போது "கடைசிப் பீஸ்" என்று சொல்வது, முன்பு சொன்ன 2023 வழிகாட்டுதலில் பொய்யான அவசரம் என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. அதே சேலையை மறுநாள் ஸ்டேட்டஸில் பார்க்கும் வாடிக்கையாளர் பிறகு உங்களை நம்பமாட்டார்.
5. விற்றுத் தீர்ந்ததும் உடனே அறிவியுங்கள்.
6. நேரலை முடிந்த அன்று இரவே "உங்கள் சேலை உறுதி" அல்லது "மன்னிக்கவும், கிடைக்கவில்லை" என்ற செய்தி எல்லோருக்கும் போக வேண்டும்.

நேரலையில் வரும் பெண்களைக் குறிவைத்து அசிங்கமாக எழுதுபவர்கள் உண்டு. அதைச் சகித்துக்கொள்வது தொழிலின் பகுதி என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். குறிப்பிட்ட சொற்கள் வரும் கமெண்டுகளை மறைக்கும் வசதி இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அந்தச் சொற்களைச் சேர்த்து வையுங்கள். கமெண்ட் பார்க்கும் துணையாள், எழுதியவரைக் கேள்வி கேட்காமல் பிளாக் செய்யட்டும். வாங்க வந்த மற்ற பெண்களுக்கும் அது பாதுகாப்பு.

விற்பவருக்கு 5: புகார் வரும்போது

கறை, கிழிசல், வேறு நிறம், தாமதம். இவை இல்லாத சேலை வியாபாரம் கிடையாது. கடையில் ஒருவர் சண்டை போட்டால் அங்கே நிற்பவர்கள்தான் கேட்பார்கள். உங்கள் ரீல்ஸின் கீழே எழுதப்பட்ட புகாரை, வாங்க வரும் அத்தனை பேரும் படிப்பார்கள். அதனால்தான் பலர் புகாரை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். பதில் எழுதுங்கள்:

"மேடம், சேலையில கறை இருந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க ஆர்டர் விவரம் இன்பாக்ஸ்ல கேட்டிருக்கேன். வேற சேலை அனுப்பணுமா, பணம் திருப்பணுமான்னு சொல்லுங்க, ரெண்டுக்கும் தயார்."

தீர்ந்ததும் அதே கமெண்டின் கீழே "மாற்றுச் சேலை அனுப்பியாச்சு மேடம்" என்று ஒரு வரி சேருங்கள். ஆயிரம் ரூபாய் விளம்பரம் கொண்டுவராத நம்பிக்கையை அந்த ஒரு வரி கொண்டுவரும்.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து விற்றாலும், தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் 2020 மின்வணிக விதிகள் உங்களைத் தொடும். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ, சொன்ன நாள் தாண்டி வந்ததையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது. நுகர்வோர் சட்டத்தின்படி, பில்லில் காலக்கெடு எதுவும் எழுதவில்லை என்றால், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர 30 நாள் கெடு. "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று எழுதி வைப்பதால் இந்தக் கடமை போய்விடாது. பில் தராமல் விற்பதும் முறையற்ற வணிகமே.

"ஓப்பனிங் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது" என்ற வரி இன்று எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. காணொளி இருந்தால் இருவருக்கும் நல்லது என்பது உண்மைதான். எனவே "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்தால் பிரச்சினையைச் சீக்கிரம் தீர்க்கலாம்" என்று எழுதுங்கள். நீங்களும் மடித்துப் பார்சல் போடுவதைப் படம்பிடித்து வையுங்கள்.

விற்பவருக்கு 6: பாராட்டும் விளம்பரமும்

வாங்கியவர் கட்டிக்கொண்டு எடுத்த படம், நீங்கள் எடுக்கும் எந்தப் படத்தையும் விட அதிகம் பேசும். அதைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அனுமதியோடு. "உங்க போட்டோவை எங்க பக்கத்துல போடலாமா? முகம் மறைக்கணும்னா மறைச்சுடறேன்" என்று கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாகச் சரி சொல்வார்கள். "சேலை எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் "சூப்பர்" என்று மட்டும் பதில் வரும். "கலர் வீடியோல பார்த்த மாதிரியே இருந்துச்சா? மடிப்பு நல்லா நிக்குதா?" என்று கேட்டால் அடுத்தவருக்கு உதவும் பதில் கிடைக்கும். கிடைத்த குறையையும் வெளியிடுங்கள்.

வாடிக்கையாளர் போல வேடமிட்டு விற்பவரே விமர்சனம் எழுதுவதை 2020 விதிகள் தடைசெய்கின்றன. இணைய விமர்சனங்களை எப்படித் திரட்டி வெளியிடுவது என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தையே வகுத்திருக்கிறது.

இன்ஃப்ளூயன்சருக்குச் சேலை அனுப்பினால், பணம் கொடுக்காவிட்டாலும் அது விளம்பரம்தான். இலவசப் பொருளும் கைமாறு. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்தத் தொடர்பைப் பார்ப்பவர் கண்ணில் படும்படி எளிய மொழியில் சொல்ல வேண்டும். காணொளியில் எழுத்திலும் குரலிலும் வர வேண்டும். நேரலை என்றால் முழு நேரமும் திரையில் இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

விற்பவருக்கு 7: கேள்விகளைச் சேமியுங்கள்

சமூக ஊடக வியாபாரத்தின் மிகப் பெரிய லாபத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி இலவசச் சந்தை ஆய்வு. "இதே கலர்ல சின்ன பார்டர் இருக்கா?" என்று இந்த வாரம் பத்துப் பேர் கேட்டால், அடுத்து என்ன நெய்ய வேண்டும் என்பதை அவர்கள் சொல்லிவிட்டார்கள். தறியில் பாவு ஏறிவிட்டால் அந்தப் பாவின் சேலைகள் முடியும்வரை பாவு நிறத்தை மாற்ற முடியாது. எனவே பாவு ஓடும் முன்பே இந்தத் தகவல் நெசவாளிக்குப் போக வேண்டும். பெரிய கடைக்கு இந்தச் செய்தி பல கை மாறித்தான் தறிக்குப் போகும். உங்களுக்கு ஒரு போன் போதும்.

ஒரு நோட்டில் வாரம்தோறும் நான்கு கணக்கு எழுதுங்கள்: அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் சொன்ன காரணம், திரும்பி வந்த சேலையும் காரணமும், இரண்டாம் முறை வாங்க வந்தவர்கள் எத்தனை பேர். பின்தொடர்பவர் எண்ணிக்கையை விடக் கடைசிக் கணக்குதான் உங்கள் கடையின் உடல்நிலையைச் சொல்லும்.

பதில் சொல்லும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். இரவு 9 மணிக்குமேல் வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம்: "உங்க மெசேஜ் வந்துடுச்சு அக்கா, நாளைக்குக் காலையில 10 மணிக்குள்ள பதில் சொல்றேன்." சொன்ன நேரத்தில் பதில் வந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். வீட்டு வேலையும் வியாபாரமும் ஒரே போனில் நடக்கும்போது, இந்த வரம்பு இல்லாவிட்டால் முதலில் உடைவது விற்பவரின் தூக்கமும் உடம்பும்தான்.

வாங்குபவருக்கு 1: நெருக்கம் உத்தரவாதம் ஆகாது

தினமும் நேரலையில் பார்க்கும் முகம் சொந்தக்காரர் போலத் தோன்றும். "அக்கா, உங்களுக்காகவே எடுத்து வச்சேன்" என்று கேட்கும்போது மறுக்க மனம் வராது. அந்த அன்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பணம் போடும் முன் செய்ய வேண்டிய சோதனைகளைச் செய்யுங்கள். நல்ல விற்பனையாளர் அதற்காக வருத்தப்படமாட்டார்.

- பக்கத்தின் சொந்தப் பதிவுகளை விட, மற்றவர்கள் அந்தக் கடையை டேக் செய்து போட்ட படங்களைப் பாருங்கள்.
- எல்லாப் பதிவிலும் கமெண்ட் மூடப்பட்டிருந்தால் தள்ளி நில்லுங்கள்.
- படம் திருடப்பட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், ஒரு தாளில் உங்கள் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதிச் சேலையின்மேல் வைத்துக் காணொளி அனுப்பச் சொல்லுங்கள். சேலை கையில் இருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.
- கடை முகவரி, ஜிஎஸ்டி எண் இருந்தால் அது, பில் தருவார்களா என்பதைக் கேளுங்கள்.
- முதல்முறை வாங்கும் கடையில் சின்னத் தொகைக்கு வாங்கிப் பாருங்கள். கேஷ் ஆன் டெலிவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.
- துணி, தறி, ஜரிகை பற்றிய பதிலை எழுத்தில் வாங்குங்கள். குரல் அழைப்பில் சொன்னால், "நீங்க சொன்னது ப்யூர் சில்க், கைத்தறி, சரிதானே?" என்று நீங்களே எழுதி உறுதி கேளுங்கள்.

வாங்குபவருக்கு 2: பணமும் புகாரும்

யுபிஐயில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையில்லை, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. "ரீஃபண்ட் அனுப்பறோம், பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

மோசடி இல்லாமல் சரக்கில் குறை என்றால் வழி வேறு. முதலில் விற்பவருக்குப் படத்தோடு எழுதுங்கள். மின்வணிக விதிகள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கெடு வைத்திருக்கின்றன. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. உரையாடல், பணம் போட்ட ரசீது, பார்சல் உறை மூன்றையும் அதுவரை அழிக்காமல் வையுங்கள்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. எடுத்து வைக்கச் சொன்ன சேலை வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடுங்கள். உங்களுக்காக வைத்த சேலையை வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். கட்டி முடித்த சேலையை "டேமேஜ்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். நல்ல சேலை வந்தால் இரண்டு வரி எழுதுங்கள். சிறு விற்பனையாளரிடம் விளம்பரத்துக்குப் பணம் இல்லை. உங்கள் இரண்டு வரி அவருக்கு அடுத்த வாடிக்கையாளரைத் தரும், அந்த வாடிக்கையாளருக்கு நல்ல கடையைக் காட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

விற்பவர்:
1. கடைசிப் பத்துப் பதிவுகளிலும் விலை, கொரியர், மொத்தம் மூன்றையும் சேர்க்கவும்.
2. அதிகம் கேட்கப்படும் ஐந்து கேள்விகளுக்கு ஆயத்தப் பதில் எழுதிச் சேமிக்கவும்.
3. திரும்பப் பெறும் விதியை மூன்று வரியில் எழுதிப் பக்கத்தின் மேலேயே பொருத்தவும். சட்டத்துக்கு முரணான வரி இருந்தால் நீக்கவும்.
4. பதில் இல்லாமல் கிடக்கும் பழைய புகார் ஒன்றையாவது தேடிப் பதில் எழுதவும்.
5. நான்கு கணக்கு நோட்டைத் தொடங்கவும்.

வாங்குபவர்:
1. 1930, 1915 இரண்டு எண்களையும் போனில் சேமிக்கவும். வீட்டுப் பெரியவர்கள் போனிலும் போட்டுக் கொடுக்கவும்.
2. வழக்கமாக வாங்கும் கடைக்கு ஒரு நேர்மையான விமர்சனம் எழுதவும்.
3. அடுத்த முறை வாங்கும் முன் குறைந்தது மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கவும்.

தயங்காமல் கேட்கும் வாங்குபவர் விற்பவரைத் துல்லியமாகப் பேசவைக்கிறார். துல்லியமாகப் பேசும் விற்பவரிடம் பொய்க்கு வேலை இல்லை, திரும்பி வரும் பார்சலும் குறையும். இந்தப் பழக்கம் பரவினால் விளம்பரப் பணம் இல்லாத சிறு விற்பனையாளரும், தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியும் பெரிய நிறுவனங்களோடு போட்டியிட ஒரு நியாயமான வழி கிடைக்கும்.